மருந்து ஏற்றிய இரண்டாம் நாள்

புற்றுநோய் என்றதும் எங்கள் ஊரில் முதலில் கேட்பது "தலைமயிர் கொட்டுமோ?" என்றுதான். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள். ஆனால் அவளின் உயிருக்கே ஆபத்தாக வந்தது, மருந்து வேலை செய்த வேகம்.

அவளுக்கு வந்தது நிணநீர்க்கணுவில் வேகமாக வளரும் புற்றுநோய். அந்த வகைக்கும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் முதல் மருந்து ஏற்றும்போது கணக்கற்ற கலங்கள் ஒரேயடியாகச் சாகும். அவை உடைந்து, உள்ளே இருந்த பொற்றாசியத்தையும் பொஸ்பேற்றையும் இரத்தத்தில் கொட்டும். கல்சியம் குறையும். யூரிக் அமிலம் கூடிச் சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து அடைக்கும். பொற்றாசியம் மிகவும் ஏறினால் இதயம் நின்றே போகலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்தான் இது நடக்கும்.

டொக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார். மருந்து ஏற்ற முன்னரே சேலைன் தொடங்கி, யூரிக் அமிலத்தைக் குறைக்க அலோபியூரினோல் குளிசையும் கொடுத்தார்கள். எனக்குத் தந்த வேலை, சிறுநீரை அளந்து நேரத்தோடு கொப்பியில் எழுதுவது. அவளுக்குப் பெரிய வெட்கம். "அக்கா, இதெல்லாம் நீங்களே அளக்கிறது?" என்று அழுதாள். 2009இல் பதுங்குகுழிக்குள் நாங்கள் இருந்த இருப்புக்கு இது எம்மாத்திரம் என்றேன். சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது. "விரலெல்லாம் விறைக்குதக்கா, வாயைச் சுற்றியும்தான்" என்றாள். கொப்பியோடு தாதியிடம் ஓடினேன். எனக்குச் சிங்களம் ஓரிரண்டு சொல்தான். இலக்கங்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. உடனே இரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி.யும் பார்த்தார்கள். பொற்றாசியம் ஏறியிருந்தது. இதயத்தைக் காக்கக் கல்சியம் ஊசியும், பிறகு குளுக்கோசுடன் இன்சுலினும் ஏற்றினார்கள். சீனி வருத்தம் இல்லாதவளுக்கு ஏன் இன்சுலின் என்று பயந்துபோனேன். அது பொற்றாசியத்தைக் கலங்களுக்குள் திருப்பி அனுப்புமாம். இரத்தச் சுத்திகரிப்புக்கும் ஆயத்தம் செய்தார்கள். விடியப்புறம் சிறுநீர் போகத் தொடங்கியதால் அது தேவைப்படவில்லை.

அடுத்த நாள் மச்சாள் இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவந்தா. பாவம், இரவு முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறா. இரண்டிலும் பொற்றாசியம் அதிகம். "வருத்தக்காரிக்கு இளநீர் கூடாதோ?" என்று முகம் வாடினா. வாட்டில் துணைக்கு நின்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தோம்.

சகோதரிகளே, முதல் மருந்துக்குப் போகும்போது, "இவருக்கு இந்த ஆபத்து உண்டா, எதைச் சாப்பிடக்கூடாது, சிறுநீர் எவ்வளவு குறைந்தால் சொல்லவேண்டும்?" என்று கேளுங்கள். டொக்டர் கோபிப்பார் என்று பேசாமல் இருக்கவேண்டாம்.

இரண்டாம் முறை போனபோது கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. அந்தப் பயம் இனிக் குறைவு என்றார் டொக்டர். தங்கையோ புதுக் கொப்பிக்குத் தானே கோடு கீறி வைத்திருந்தாள்.