பின் இருக்கையை மடக்கினால்

என் தமக்கை பதினான்கு ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வரப்போகிறாள் என்ற செய்தி எட்டியதும், கொழும்புத்துறையிலுள்ள எங்கள் வீட்டில் எழுந்த முதற் கேள்வி, கட்டுநாயக்காவுக்கு அவர்களை அழைக்கப் போவது யார் என்பதே. வருகிறவர்கள் நால்வர். போக விரும்பியவர்கள் ஏழு பேர்: அம்மா, மாமா, மாமி, நான், மனைவி, பிள்ளைகள் இருவர். ஒழுங்கையின் மறுகரையில் குடியிருக்கும் வான்காரத் தம்பி படலையடியில் நின்றபடியே விரல்விட்டு எண்ணினார்.

"ஆக்களை ஏத்தலாம் மாஸ்டர். பெட்டியளை எங்கை ஏத்திறது?"

அவருடையது எங்கள் நாட்டில் 'டொல்பின்' என்று செல்லப்பெயர் பெற்ற பழைய ரொயோட்டா ஹயஸ் வான். சாரதியோடு பன்னிரண்டு பேர் அமரலாம். பன்னிருவரும் அமர்ந்துவிட்டால் கடைசி இருக்கைக்கும் பின்கதவுக்கும் இடையே எஞ்சுவது ஒரு சாண் இடம். கனடாவிலிருந்து வருகிறவருக்கு விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ நிறையுள்ள இரண்டு பெட்டிகள். நால்வருக்கு எட்டுப் பெட்டிகள், 184 கிலோ. பின் இருக்கையை மடக்கினால் பெட்டிகள் ஏறும். மூன்று பேர் இறங்க வேண்டும். கணக்கு ஆசிரியனான எனக்கு இதை விளங்கிக்கொள்ளக் கரும்பலகை தேவைப்படவில்லை.

நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், அடுக்களை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் வீட்டிலை நிக்கிறன். பெட்டியள் வரட்டும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணத்தில் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒரு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினேன்.

இவ்வண்டிகளின் கொள்ளளவு யார் வகுத்தது என்று ஆராய்ந்தால் வியப்பாக இருக்கும். சிறு வண்டி என்ற வகைக்கு ஜப்பானியச் சட்டம் வைத்த எல்லை 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். அந்த எல்லைக்குள் ஒடுங்குவதற்காக இயந்திரத்தை முன் இருக்கையின் கீழே வைத்தார்கள். அதனால் உள்ளே நீளம் கிடைத்தது. ஆனால் பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டு அடியில் ஓடுவதால் தளம் உயர்ந்தது. பாரமான பெட்டியை உயரத் தூக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். தமக்கையிடம் இருப்பதோ ரொறன்ரோவில் பல தமிழ்க் குடும்பங்கள் ஓட்டுகின்ற டொட்ஜ் கரவன். கிறைஸ்லர் நிறுவனம் 1984ஆம் ஆண்டு மாதிரியாகக் குடும்பங்களுக்கென்றே விற்கத் தொடங்கிய வகை அது. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால் தளம் தாழ்ந்திருக்கும். 2005ஆம் ஆண்டு மாதிரி முதல் இருக்கைகள் தளத்தின் கீழுள்ள குழிகளில் மடிந்து மறைந்துவிடும். அங்கே நாலு பேருக்கு ஒரு வண்டி. இருக்கை மறைந்தாலும் எவரும் இறங்க வேண்டியதில்லை.

எங்கள் வான்காரத் தம்பியின் இருக்கைகளுக்கு அத்தகைய ஓய்வு கிடையாது. வார நாட்களில் அது பள்ளிக்கூட வான். பிள்ளைகள் புத்தகப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். மாலையில் இருக்கைகளை மடக்கிச் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றுவார். செத்தவீட்டுக்கும் அதுவே, கோயிலுக்கும் அதுவே. 2022இல் எரிபொருள் வரிசையில் காத்துக் கிடந்த இரவுகளில் அதன் பின்புறமே அவருக்குப் படுக்கை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வான்களின் விலை உழைப்பவன் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இதைவிட்டால் வேறு வண்டி வாங்க அவருக்கு வழியில்லை.

பாரம் ஏற்றும் கலையை அவர் எவரிடமும் பாடமாகக் கேட்டவரல்லர். பாரமான பெட்டி கீழே, இருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். இருக்கையின் உயரத்துக்கு மேல் எதையும் அடுக்கக்கூடாது, சடுதியாக நிறுத்தினால் அது முன்னால் இருப்பவரின் தலையில் வந்து விழும். கூரையில் பாரம் கூடினால் வளைவில் வண்டி சாயும். இவற்றை அவர் சொல்லும்போது, எங்கள் துறையிலிருந்து பூநகரிக் கரைக்கு வள்ளம் விட்ட முதியவர்கள் பேசக் கேட்டவை நினைவுக்கு வரும். நிறை தாழவும் நடுவிலும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாடமும்தான். போர்க்காலம் இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது, முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதிகளை இறக்கித் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இடம் மிச்சம் பிடிப்பதற்காக அன்றி, விரைவாக அவிழ்த்துக் கட்டுவதற்காகவே அக்காலத்தில் நாங்கள் பொதி கட்டினோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு கண்முன் வந்து நின்றது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்துகொண்டிருந்தது. மழை. செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம்வரை மனிதத் தலைகள். எங்களிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. அப்பா தள்ளிய சைக்கிளின் கரியரில் றங்குப் பெட்டி. அதற்குள் காணி உறுதி, பிறப்பத்தாட்சிகள், அம்மாவின் கூறைச் சேலை, தையல் மெஷினின் தலை. தமக்கை தள்ளியதில் அரிசியும் பாத்திரங்களும். அப்பாச்சி நடந்து வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஒருமுறைகூட அவர் "என்னை ஏற்று" என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாலத்துக்கு இப்பால் சேற்றில் குந்திவிட்டார். "நீங்கள் போங்கோ பிள்ளையள், நான் ஆறுதலா வாறன்" என்றார்.

அப்பா பெட்டியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. உறுதியும் மெஷினும் இல்லாவிட்டால் நாளைக்கு எங்களுக்குச் சோறில்லை. ஏழையின் பெட்டியில் ஆடம்பரம் இருப்பதில்லை; அதனாலேயே அதை இறக்கிவைப்பது கடினம்.

அப்போது லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் நெல்மூட்டை ஏற்றி வந்த ஒருவர் நின்றார். ஆளைத் தெரியாது. எதுவும் பேசாமல் இரண்டு மூட்டைகளை வீதியோரத்தில் உருட்டிவிட்டு, அப்பாச்சியையும் வேறு இரண்டு கிழவிகளையும் தூக்கி வைத்தார். மழையில் கிடந்த அந்த நெல் அவருடைய குடும்பத்தின் எத்தனை நாட் சாப்பாடோ! சாவகச்சேரியில் அப்பாச்சியை இறக்கிவிட்டுப் போனவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

இடம் போதாதபோது, முதலில் எழுந்து இடம் விடுகிறவர் யார் என்று பாருங்கள். முதியவர், பெண், குழந்தை, கூலியாள். அவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாங்கள் சாமானை ஏற்றுவோம். வீட்டிலும் இப்படித்தான், நாட்டிலும் இப்படித்தான்.

விடிந்ததும் தமக்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, பாதிப் பெட்டியைக் குறை" என்றேன்.

"எல்லாத்திலும் ஒவ்வொருத்தற்றை பேர் எழுதி வைச்சிருக்கிறன். சவர்க்காரம் மட்டும் ஒரு பெட்டி" என்றாள்.

சவர்க்காரம்! பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல், பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தவள் அவள். 1996இல் ஊரைவிட்டுப் போனாள். இங்கே எந்தக் கடையிலும் அது அடுக்கிக் கிடக்கிறது என்று அவளுடைய அறிவுக்குத் தெரியும். மனதுக்கு இன்னும் தெரியவில்லை.

"பெட்டியளுக்காக அம்மா வீட்டிலை நிக்கப் போறாவாம். அப்பாச்சியை நினைச்சுப் பார்" என்றேன்.

மறுமுனையில் நீண்ட நேரம் ஓசையில்லை. பின்பு, "நாலு பெட்டிதான் கொண்டுவருவன்" என்றாள். குரல் தழுதழுத்தது.

மாமாவும் மாமியும் வீட்டில் நின்று சமைப்பதென்று தாமே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் விட்ட இரண்டு இருக்கைகளில் பாரமான பெட்டிகள் இரண்டையும் கயிற்றால் கட்டினோம். மற்ற இரண்டும் கூரைக் கரியரில் படங்கின் கீழே. கட்டுநாயக்காவிலிருந்து 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி முழுவதும் அம்மா மகளின் தோளிற் சாய்ந்தபடி வந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. கைகளை மட்டும் விடவில்லை.

தமக்கை திரும்பிப் போகும் நாளில், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பனங்கட்டிக் குட்டான்களும் நான்கு பெட்டிகளையும் நிரப்பி மேலும் இரண்டு பைகளில் வழிந்தன. "அம்மா, இதை எங்கை ஏத்திறது?" என்று கேட்டேன்.

"அது சாப்பாடு" என்றார் அம்மா, அதற்கு இடம் தேவையில்லை என்பதுபோல.

வான்காரத் தம்பி சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தார். இம்முறை பைகளுக்குக் கை நீட்டுமுன் அம்மாவை ஏற்றி அமர்த்தினார். இருக்கைகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன. பைகளை எங்கள் மடியில் வைத்துக்கொண்டோம்.