லொறியில் ஏறியதும் ஊர் தொலைகிறது

கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை வட்டைதான். பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்தது. சொறிக்கல்முனையில், திருச்சிலுவைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, வெட்டு மெசின் கொட்டிய பச்சை நெல்லை வயலோரத்திலேயே மூடை கட்டினார்கள். பக்கத்தில் லொறி காத்து நின்றது.

“காயவிட்டு வித்தா விலை கூடுமே, ஐயா?”

“கூடும் தம்பி. காயப்போடக் களம் எங்க கிடக்கு? உரக்கடைக்காரனும் மெசின்காரனும் வாசல்ல நிக்கிறானுகள்.”

தராசடியில் நின்ற வியாபாரி சம்மாந்துறைக்காரர். பொலன்னறுவைப் பக்கத்து ஆலைக்குப் போகும் நெல் என்றார். “இந்த ஊர்ப்பேர் போட்டு விக்கேலாதா, காக்கா?” என்று கேட்டேன். “லொறியில ஏறினா எல்லாம் ஒரே நெல்லுதான் மகன்.”

அவர் சொன்னது உண்மை. கீரி சம்பா என்ற இனப்பெயர் கடைவரை போகிறது. விளைந்த ஊர் தராசடியிலேயே நின்றுவிடுகிறது.

வயல்காரரோடு வரம்பில் நடந்தபடி, விளைந்த இடத்தின் பெயரைச் சட்டம் காக்கிற கறுவாவின் கதையைச் சொன்னேன். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் கறுவா’வைப் புவிசார் குறியீடாகப் பதிந்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே அப்படிக் கிடைத்தது அதுவே முதல் தடவை. கசியாப் பட்டையை அந்தப் பெயரில் இனி அங்கே விற்க முடியாது. உள்நாட்டில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவிசார் குறியீட்டை ஏற்றிருந்தும் அதற்கெனப் பதிவேடு இருக்கவில்லை. 2022 திருத்தம்தான் அந்த வழியைத் திறந்தது. ஆனால் பெயர் மட்டும் போதாது. பட்டை எங்கிருந்து வந்தது என்று தடம் காட்ட வேண்டும், தரப் பரிசோதனையில் தேற வேண்டும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் குறியீடு கிடைத்த பிறகும், அதைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் இந்தியச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டியிருக்கிறது.

ஈரநெல்லாகக் கலந்து போகும் இந்த மூடைகளுக்கு என்ன தடம் காட்டுவது? அதனால்தான் ஊர்ப்பெயருக்குக் குறியீடு கேட்கும் மனுவுக்கு முன் களம் வேண்டும் என்கிறேன். காய்ந்த நெல்லை ஊரிலேயே இருப்பில் வைக்கக் களஞ்சியம் வேண்டும். அறுவடைக் கடனுக்குச் சில வாரத் தவணையாவது வேண்டும். அந்தத் தவணை இல்லாவிட்டால் களம் இருந்தும் நெல் பச்சையாகவே லொறியேறும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயல்காரர் திருப்பிக் கேட்டார்: “அந்தப் பேரு ஆரிட்ட இருக்கும்? எங்கட்டயா, மில்காரன்ட்டயா?”

கமக்காரர் அமைப்பிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். ஆலைக்காரர் முந்திக்கொண்டு பதிந்தால் கூடுகிற விலையும் ஆலையிலேயே தங்கிவிடும். அமைப்பின் அடுத்த கூட்டத்தில் முதலில் களத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிவிட்டு, மூடை எண்ணப் போனார்.