காட்டு டயரும் தார்ச் சாலையும்

வானொலி அறிவிப்பாளனுக்குக் காதுதான் சோறு போடுகிறது. அதனாலோ என்னவோ, என் சைக்கிளில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் காதுதான் கண்டுபிடித்தது. ரவாங்கிலிருந்து குண்டாங் போகும் தார்ச் சாலையில் ஏறியதும் 'ர்ர்ர்' என்று ஓர் உறுமல். வேகம் கூடினால் உறுமலும் கூடும்.

போன ஆண்டு ரத்தப் பரிசோதனையில் என் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அப்பாவுக்கு இதே நோயால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்கோ விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, உட்கார்ந்தே பேசி, உட்கார்ந்தே பசியாறும் பிழைப்பு. பயந்துபோய் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல டயர், அதில் கட்டை கட்டையாகப் பற்கள். புலியைத் துரத்தப் போகிறவன் மாதிரி இருந்தேன்.

ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு பத்து ஆராங் வரை போவோம். 1960-இல் சுரங்கம் மூடப்பட்ட பழைய நிலக்கரி ஊர். அவர்கள் பசியாறி முடிக்கும்போது நான் போய்ச் சேருவேன். நமக்கு இது ஒத்துவராது என்று இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை.

விற்றுவிடும் எண்ணத்தோடுதான் கடைக்குப் போனேன். "பாஸ், இதை எங்கே ஓட்டுறீங்க?" என்று மலாயில் கேட்டார் சீனக் கடைக்காரர். "காட்டுப் பாதையில்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். நடுப்பற்கள் தேய்ந்திருந்தன. ஓரப்பற்களில் புது டயருக்கு இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகூட உதிரவில்லை. பொய் அங்கேயே அகப்பட்டுக்கொண்டது.

பிறகு விளக்கினார். உயரமான பல் சேற்றில் புதைந்து பிடிக்கும். தாரில் புதைய முடியாது, வளையும். ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர, நாம் மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. ஒல்லி டயர்தான் வேகம் என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பாம். பற்கள் தாழ்ந்திருந்து, ரப்பரும் உள்துணியும் நன்றாக இருந்தால், அகல டயரும் ஓடும். நம் சாலைக் குழிகளில் உடம்பும் குலுங்காது. மழையில் வழுக்காதா என்றேன். காருக்குத்தான் தண்ணீரை ஒதுக்கப் பள்ளம் வேண்டும். சைக்கிள் வேகத்தில் ஈரத் தாருக்கு வழவழப்பான டயரே போதும் என்றார். வெள்ளைக் கோடும் சேறும்தான் ஆபத்து.

செம்பனைத் தோட்டத்துக் குறுக்குவழி பத்து நிமிடம் இருக்கிறதே? அதற்காகப் பின்னால் பற்களே இல்லாதது போன்ற ஷ்வால்பே தண்டர் பர்ட், முன்னால் கொஞ்சம் பிடிப்புள்ள மேக்ஸிஸ் ஐகான். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழத்தான் வேண்டும். காற்றையும் குறைத்தார்: பின்னால் 35, முன்னால் 30 பி.எஸ்.ஐ. நான் 55 அடித்துவந்தேன்!

வீட்டில் அப்பா கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். "ரெண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு செம்மண் ரோட்டுல ஓட்டுனேன். என் டயருல ஏதுடா இவ்வளவு பல்லு?" என்றார், கழற்றிய பழசைப் பார்த்து.

போன ஞாயிறும் பத்து ஆராங்கிற்கு நான்தான் கடைசி. ஆனால், நண்பர்கள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை இல்லாமல் ஒரு தே ஓ கோசோங் சொன்னேன். உறுமல் போய்விட்டதால் இப்போது சங்கிலி கிறீச்சிடுவது கேட்கிறது. எண்ணெய் போட வேண்டும்.