மூடியைத் தூக்கிப் பார்

உய்யக்கொண்டான் வாய்க்காலைச் சுத்தப்படுத்தும் வேலையைக் கற்க, கீழப்பழுவூரிலிருந்து திருச்சிக்குப் போனேன். முதலாம் ராஜராஜன் காலத்து வாய்க்கால் என்பார்கள். காவிரியில் பிரிந்து சுமார் 70 கி.மீ. ஓடி வயல்களுக்குப் பாய்கிற தண்ணீர், நகருக்குள் நுழைந்ததும் கறுத்துவிடுகிறது. மேஸ்திரி அண்ணன் என்னை வாய்க்கால் கரையில் நிறுத்தவில்லை. தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனார்.

“வாய்க்கால்ல கெடக்கறத அப்புறம் பாக்கலாம் தம்பி. எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாரு.”

பங்குனி வெயிலில் மழைநீர் வடிகால் மூடிகளைத் தூக்கினோம். மழையில்லாத நாளில் அதில் தண்ணீர் ஓடவே கூடாது. ஓடினால், பெரும்பாலும் யாரோ கழிவுநீர்க் குழாயைச் சொருகியிருக்கிறார்கள். சோப்பு நுரை வந்தால் குளியலறைத் தண்ணீர். கறுத்து நாறினால் செப்டிக் டேங்க் வழிகிறது. மேலே எண்ணெய் படர்ந்திருந்தால் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருக்கும். மேடு நோக்கி மூடி மூடியாகத் திறந்துகொண்டே போனால், ஓரிடத்தில் வடிகால் காய்ந்து கிடக்கும். அதற்கும் முந்தைய மூடிக்கும் நடுவில்தான் அந்தக் குழாய். சந்தேகம் தீராவிட்டால் வீட்டுக்காரர் சம்மதத்தோடு கழிப்பறையில் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு, வடிகாலில் அந்த நிறம் வருகிறதா என்று காத்திருப்போம். உள்ளே மட்டும் யாரையும் இறக்க மாட்டார் அண்ணன். பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கத் தடைவிதித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் விஷவாயுவில் ஆட்கள் சாவதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிடும்.

குழாயைக் கண்டுபிடிப்பதைவிட வீட்டுக்காரரிடம் பேசுவதுதான் சிரமம். அண்ணன் யாரையும் குற்றம் சொல்லிக் கேட்டதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மனு எழுதுவதிலிருந்தே பேச்சை ஆரம்பிப்பார்.

என் கை நன்றாகப் பழகியது வண்டல் தொட்டி கட்டுவதில். தெருத்தண்ணீர் வடிகாலுக்குள் போகுமுன் இதில் இறங்கும். வெளியேறும் குழாயைவிடத் தொட்டியின் தரை ஓரடி தாழ்ந்திருந்தால் மணல் அடியில் தங்கிவிடும். மட்டம் பார்க்க டியூப் லெவல் பிடிப்போம். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் மட்டம் பிசகும். தட்டித் தட்டி அதை வெளியேற்றிய பிறகுதான் சுவரில் கோடு போட விடுவார். குழாய்க்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், அவர் கணக்கு.

நெடுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழைதான் ஓடையை அதிகம் கெடுக்கும். ரோட்டில் படிந்த புழுதி, எண்ணெய், டயர்த்துகள் எல்லாம் அதில்தான் கழுவிக்கொண்டு வரும். ஒரு ஹெக்டேர் தார்ரோட்டில் 25 மி.மீ. மழை பெய்தால் விழுவது இரண்டரை லட்சம் லிட்டர். உறிஞ்ச மண் ஏது? அவ்வளவும் வாய்க்காலுக்கே ஓடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டில் அந்த முதல் தண்ணீர் நீர்மோர் போல வெளுத்து இறங்குகிறது. களி மிகுந்த கரிசலில் உறிஞ்சுகுழி வெட்டினால் தண்ணீர் அப்படியே நிற்கும். புல் வளர்த்த அகலமான ஓடைக்கால்தான் இங்கே சரிப்படும். அதன் வாயில் ஒரு வண்டல் தொட்டியும் வேண்டும். ரோடு திரும்பும் மூலையில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன் வெட்டியாக வேண்டும். வருஷா வருஷம் தொட்டியிலுள்ள மண்ணை யார் அள்ளுவது என்பதை ஊராட்சிக் கூட்டத்தில் முதலில் பேசி முடிக்க வேண்டும்.