வால்வுப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பத்தில் ஏழு இருந்தாலும் பாதகமில்லை என்று ஜோசியர்கள் சமாதானம் சொல்வதும் உண்டு. பழைய ரேடியோவில் ஒரு வால்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு வகை வால்வைக் குடிவைக்க வேண்டுமானால் நாலே நாலு பொருத்தம்தான். ஆனால் நாலும் இருந்தாக வேண்டும். மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் ரேடியோ பாடாது என்று நினைத்துவிட வேண்டாம். பாடும். சில சமயம் முன்னைவிட உரக்கவே பாடும். அபாயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த ஞானத்தை எனக்கு அளித்தவர் ரிச்சி தெருப் பக்கத்தில் நாற்பது வருஷம் ரேடியோ பழுது பார்த்த நண்பர் ஒருவர். சென்ற வருஷம் எங்கள் தெருப் பாட்டியின் ரேடியோவை அவரிடம் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 1950களின் தொடக்கத்தில் பாட்டியின் மாமனார் வாங்கிய ஐந்து வால்வு செட் அது. தேக்கு நிறத்தில் பளபளக்கும் பெட்டி. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதற்கு நல்ல விலை சொன்னார். உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டுப் புளூடூத் ஸ்பீக்கர் வைக்கப் போவதாகவும் சொன்னார். பாட்டி கொடுக்க மறுத்துவிட்டாள். "பெட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பாடினால் போதுமா? அதுவே அல்லவா பாட வேண்டும்?" என்பது அவள் கட்சி. பாட்டிக்கு எட்டு வயதில் ஒரு பேரன். எந்தக் குமிழைக் கண்டாலும் திருகாமல் விடமாட்டான். ரேடியோ பாட வேண்டும். திருகுகிற கைக்கும் ஆபத்து வரக் கூடாது. வழக்கு இவ்வளவுதான்.

நண்பர் பின்பலகையைக் கழற்றியதும் வால்வுகளைப் பார்க்கவில்லை. டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று தேடினார். "சார், இது இல்லாத செட்டாக இருந்தால் பேச்சே வேறு" என்றார். டி.சி. மின்சாரம் ஓடிய ஊர்களையும் மனத்தில் வைத்து அந்தக் காலத்தில் ஏ.சி./டி.சி. செட்டுகள் செய்தார்கள். அவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக உள்ளேயிருக்கும் இரும்புத் தட்டுக்கே வந்து சேரும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தட்டு முழுதும் மின்சாரம். குமிழின் திருகாணி விரலில் படாமலிருக்க அதன் தலையை மெழுகால் அடைத்திருப்பார்கள். மெழுகு உதிர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும் அந்த செட்டுகளில் வால்வுகளைச் சூடேற்றும் இழைகள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். பல செட்டுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே 100 மில்லி ஆம்பியர். அந்த வரிசையில் 760 மில்லி ஆம்பியர் கேட்கிற வால்வைக் கொண்டுபோய் வைக்கவே முடியாது. நல்லவேளையாகப் பாட்டியின் செட்டில் டிரான்ஸ்பார்மர் இருந்தது.

செத்துக் கிடந்தது ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு. அதன் பெயர் ஈ.எல்.41. பிலிப்ஸ் கம்பெனி 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்த 'ரிம்லாக்' குடும்பத்தைச் சேர்ந்தது. எட்டுக் கால்; விளிம்பில் மரு மாதிரி ஒரு புடைப்பு. இன்று அதை யாரும் செய்வதில்லை. பழைய சரக்கு அகப்பட்டால் யானை விலை. ஆனால் 1950களில் வந்த அதன் தம்பி ஈ.எல்.84 இன்னும் உற்பத்தியாகிறது. கிடார் வாத்தியக்காரர்களின் ஆம்ப்ளிஃபயருக்கு அது வேண்டியிருப்பதால் ஸ்லோவாக்கியாவில் இன்றும் செய்கிறார்கள். தம்பியை அண்ணன் இடத்தில் உட்கார வைக்கலாமா? பொருத்தம் பார்த்தோம்.

முதலாவது, கால் பொருத்தம். தம்பிக்கு ஒன்பது கால். ஆகவே சாக்கெட்டையே மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே எண்ணுள்ள கால் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அண்ணனின் இரண்டாம் கால் 250 வோல்ட் பாயும் தகடு. தம்பியின் இரண்டாம் காலோ நுண்ணிய சைகையை வாங்கிக்கொள்ளும் கம்பி வலை. எண்ணைப் பார்த்துக் கம்பி மாற்றுகிறவன் குழந்தையின் வாயில் கொதிக்கும் கஷாயத்தை ஊற்றுகிறவன்தான். தம்பியின் ஒன்று, ஆறு, எட்டு ஆகிய கால்களில் எதையும் இணைக்கக் கூடாது. காலியாயிருக்கிறதே என்று வேறு கம்பிகளை முடிச்சுப் போடுவதற்கும் அவை அல்ல.

இரண்டாவது, சூட்டுப் பொருத்தம். இரண்டுக்கும் 6.3 வோல்ட். அண்ணன் 0.71 ஆம்பியர் கேட்பான், தம்பி 0.76. இந்த அற்ப வித்தியாசத்தை டிரான்ஸ்பார்மர் பொறுத்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் இப்படி இராது. அமெரிக்க வால்வுகளில் 6வி6, 6எல்6 என்று இரண்டு உண்டு. இரண்டும் ஒரே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். முதலாவதற்கு 0.45 ஆம்பியர், இரண்டாவதற்கு அதைப் போல் இரு மடங்கு. "சத்தம் போதவில்லை, பெரிசாகப் போடு" என்று மாற்றி வைத்த செட்டுகள் ஒரு மணி நேரம் அமர்க்களமாகப் பாடிவிட்டு, டிரான்ஸ்பார்மரிலிருந்து கருகல் நாற்றம் விட்ட கதைகளை நண்பர் வண்டி வண்டியாகச் சொல்வார்.

மூன்றாவது, பசிப் பொருத்தம். ஈ.எல்.41-இன் தகடு 9 வாட் தாங்கும், ஈ.எல்.84-இன் தகடு 12 வாட் தாங்கும். "பலசாலிதானே, நல்லதுதானே?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "சார், வந்தவன் எவ்வளவு சாப்பிடுவான் என்பதா முக்கியம்? அடுக்களையில் எவ்வளவு இருக்கிறது என்பதல்லவா முக்கியம்? சமைக்கிற டிரான்ஸ்பார்மர் பழைய ஆள்." தம்பியை அவன் இஷ்டத்துக்கு விட்டால் தகட்டில் 48 மில்லி ஆம்பியர் வரை இழுப்பான். அண்ணன் இழுத்தது 36.

ஆகவே நாலாவது, கடிவாளப் பொருத்தம். வால்வின் அடியில் ஒரு சின்ன மின்தடை இருக்கிறது. வால்வு எவ்வளவு இழுக்கலாம் என்று நிர்ணயிப்பது அதுதான். அண்ணனுக்கு 170 ஓம். தம்பிக்கு 210 ஓம் வைத்தால் அவனும் அதே 36 மில்லி ஆம்பியரோடு அடங்கிவிடுவான். ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரும் பழையதே போதும். கடையில் 220 ஓம் கிடைத்தது. கடிவாளம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதில் தோஷமில்லை.

நாலும் பொருந்திய பிறகும் நண்பர் அவசரப்படவில்லை. வால்வின் வலைக்கு முன்னால் இருந்த பழைய காகிதக் கண்டென்ஸரைப் பிடுங்கிப் புதிதாக வைத்தார். அது கசிந்தால் எத்தனை கடிவாளம் போட்டும் வால்வு சிவந்து கருகிவிடும். ரப்பர் பொடிந்த இரட்டைக் கம்பியை அகற்றி எர்த்தோடு கூடிய மூன்று கம்பி வயரும், ஒரு பியூஸும் போட்டார். வேலை செய்யும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்ஸரின் மின்சாரத்தை ஒரு மின்தடை வழியாக வடித்து, மீட்டரால் அளந்து, அப்புறம்தான் கை வைத்தார். சுவிட்சை அணைத்ததும் ரேடியோ தூங்கிவிட்டது என்று நம்பியவர்களுக்கு அது கொடுத்த அடியை அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

கடைசியில் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அது ஒரு தரம் பிரகாசித்துவிட்டு மங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு மின்தடையின் குறுக்கே அளந்தார். எட்டரை வோல்ட். கணக்குப் பார்த்தால் மொத்தம் 39 மில்லி ஆம்பியருக்குள். நண்பர் தலையசைத்த பிறகுதான் நான் ஒலிக்குமிழைத் திருகினேன். அந்தக் காலத்து ரேடியோவுக்கே உரிய கனத்த குரலில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு குறை. சாக்கெட்டைக் கழற்றாமல், நடுவில் ஓர் இணைப்பு வைத்து மாற்றியிருந்தால் பழைய உருவம் அப்படியே இருந்திருக்குமே என்றேன். "இருந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் மின்தடை மாறியது வெளியே தெரியாது. நாளைக்கு வருகிறவன் எதை நம்பி எதைச் செருகுவான்? சாக்கெட் மாறியிருந்தால் அதுவே உண்மையைச் சொல்லிவிடும்" என்றார்.

அதோடு விடவில்லை. தடித்த அட்டை ஒன்றில் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார், எங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டினார். பழைய சாக்கெட்டைப் பொட்டலமாகக் கட்டிப் பாட்டியிடம் கொடுத்தார். பழையதைப் புதுப்பிக்கிறவர்களில் பலருக்கு, தாம் மாற்றியது தெரியாமலிருப்பதுதான் பெருமை. இவருக்கோ தெரிந்திருப்பதுதான் பெருமை. தெரியாமல் கிடக்கும் மாற்றம் அடுத்தாற்போல் திறக்கிறவனுக்குக் குழி வெட்டுகிறது என்பது அவருடைய வாதம். கதை எழுதிப் பிழைக்கிற என்னிடமும் அதற்கு மறுப்பு இல்லை.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று கேட்டாள். அவர் விளக்கினார். "அப்படியானால் அதையே தமிழிலும் எழுதி ஒட்டிவிடு. நாளைக்கு இதைத் திறக்கப்போவது இந்தப் பயல்தான்" என்றாள். பயல் அதற்குள் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். நண்பர் இன்னோர் அட்டையை எடுத்தார்.