நாலு பேருக்கு நாலு தாள்

பிளஸ் ஒன் தொடங்கிய முதல் வாரத்திலேயே செட்டு சேர்ந்துவிடும். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே டியூஷன், கபடி டீம், தமிழ் மீடியத்திலிருந்து மாறி வந்து இங்கிலீஷில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள். எங்கள் தென்மாவட்டப் பக்கம் இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் ஓடும், சாதி. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் யாரோடு உட்காருவார்கள் என்று சொல்லிவிடலாம்.

செட்டு சேர்வதில் எனக்கு வருத்தம் கிடையாது. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தோள் கொடுக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் ஐந்தாவது ஆளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்போதுதான் எனக்கு வேலை வருகிறது. அந்த ஐந்தாவது ஆள் இல்லாமல் இவர்களுக்குப் பாடம் நகராதபடி செய்ய வேண்டும். இயற்பியல் ஆசிரியைக்கு அதற்கு வசதி இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அவர் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தார். எல்லாம் தேவையானவை. ஆனால் அகர வரிசை பெஞ்சை மட்டும்தான் மாற்றும். இன்டர்வெல் மணி அடித்ததும் பழைய செட்டு பழைய மரத்தடிக்குப் போய்விடும்.

பக்கத்தில் உட்கார வைப்பது மட்டும் போதாது என்பதை உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954-லேயே காட்டினார். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டியில் மோதவிட்டார். பிறகு சேர்த்துச் சாப்பிட வைத்தால் சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். தண்ணீர் வராமல் போனதும், நின்றுபோன லாரியை எல்லோரும் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்ததும்தான் பகையைத் தணித்தன. ‘எல்லாரும் ஒற்றுமையா உட்கார்ந்து சாப்பிடுங்க’ என்று அதட்டும் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நான் வகுப்பில் செய்வது உளவியலாளர் எலியட் ஆரன்சனின் வழி. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு வந்து முட்டிக்கொண்ட சமயத்தில், 1971-ல், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் அவர் உருவாக்கியது. பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். முழுப்பாடம் வேண்டுமென்றால் மற்றவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு வெப்ப இயக்கவியல் பாடம் இதற்கென்றே எழுதியதுபோல வாய்த்தது. வெப்பநிலை மாறா நிகழ்வு, அழுத்தம் மாறா நிகழ்வு, பருமன் மாறா நிகழ்வு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று நாலு. நாலு செட்டிலிருந்து நாலு பேரை எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். புத்தகம் எல்லோர் பையிலும் இருக்கிறதே! அதனால் புத்தகத்தில் இல்லாத கணக்கும் வரைபடமும்தான் தாளில் இருக்கும்.

தாள் கொடுத்த உடனே குழுவில் பேசவிடக் கூடாது. ஒரே தாள் வாங்கியவர்கள் முதலில் தனியே கூடிப் படிக்க வேண்டும். பேசத் தயங்கும் பிள்ளைக்கு அதுதான் ஒத்திகை. அங்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தவன் தன் குழுவில் தைரியமாக வாய் திறப்பான். இந்தப் படியை நேரமில்லை என்று விட்டால் மொத்தமும் வீண். 45 நிமிடம் போதாது, இரண்டு பீரியட் சேர்த்து வேண்டும். பி.டி. பீரியடைக் கடன் வாங்கினால் மட்டும் எல்லாச் செட்டும் ஒன்றுகூடி எனக்கெதிராகத் திரும்பும். அதுவும் ஒருவித ஒற்றுமைதான்.

“மிஸ், இவனுக்குச் சொல்லவே வரலை மிஸ். நானே படிச்சுக்கறேன்” என்று முதல் ரேங்க் பிள்ளை எழுந்து நிற்பாள்.

“அவன் தாள் உன்கிட்ட இல்லையேம்மா. கேள்வி கேட்டு வாங்கு.”

தேர்வு தனித்தனியாகத்தான் வைப்பேன். குழு மதிப்பெண் கொடுத்தால் ஒரு மார்க் போனதற்கு ஒருவன்மேல் மூன்று பேர் பாய்வார்கள். நாம் கலைக்க வந்ததை நாமே கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

லேபில் இன்னும் சுலபம். சுருள்வில் சோதனையில் எடையைத் தொங்கவிட்டு 20 அலைவுகளுக்கு நேரம் பார்க்க வேண்டும். ஒருத்தி எண்ணுவாள், ஒருவன் ஸ்டாப்வாட்ச், இன்னொருவர் குறிப்பு. அடுத்த எடைக்கு வேலை மாறும். வாட்ச்சை அழுத்தும்போது ‘சுழி’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று தொடங்கினால் 19 அலைவுதான் கிடைக்கும். அலைவு நேரம் குறையும், விசை மாறிலி கூடிப்போகும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று பேரும் பேசித்தான் ஆக வேண்டும். முதலில் சண்டை. பிறகு, “நீ சத்தமா எண்ணு, நான் பாத்துக்கறேன்.” நான் பக்கத்தில் போக மாட்டேன்.

‘உங்கள் கேங்கை உடைக்கப் போகிறேன்’ என்று அறிவிக்கவும் கூடாது. அறிவித்தால் கேங் இறுகும். சாதிவாரி உதவித்தொகை வந்தவர்களின் பெயரை வகுப்பு நடுவில் வாசிப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். ஒரு மாதமாகக் கலக்கியதை அந்த ஒரு பட்டியல் பிரித்துவிடும்.

என் கை எட்டாத இடம் செல்போன். பகலில் சேர்ந்து கணக்குப் போட்டவர்கள் இரவில் தனித்தனி வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே என்ன ஓடியது என்பது மறுநாள் யார் வந்து இடம் மாற்றச் சொல்கிறார்கள் என்பதில் தெரியும். காரணம் கேட்காமல் மாற்றுவதில்லை. வகுப்பில் கேட்பதுமில்லை, மதியம் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்வேன். அங்கும் வாய் திறக்காதவர்களை லேபில் எடைகளைத் துடைத்து அடுக்கக் கூப்பிடுவேன். சிலர் அப்போது சொல்வார்கள்.