பெயர் பொறிக்காத கோல்

கோல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. அரசன் கையில் அது செங்கோல். புலவன் கையில் எழுதுகோல். வணிகன் கையில் துலாக்கோல். நான் இங்கே கூறவிருப்பது இவற்றுள் எதுவுமன்று. மேசைமீது வண்ணப் பந்துகளை உருட்டி ஆடும் 'பூல்' ஆட்டத்துக்குரிய கோலைப் பற்றியது. ஆயினும் அத்தகைய கோல் ஒன்று என்னைத் துலாக்கோலின் முன் நிறுத்திவிட்டது. சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, நெடுநாள் சொல்லாதிருந்த அந்நிகழ்ச்சியே நினைவுக்கு வந்தது.

தொழில் நிமித்தமாக 1987ஆம் ஆண்டு முதல் ஏழாண்டுகள் டோக்கியோவில் வாழ்ந்தேன். பால் நியூமனும் டாம் குரூஸும் நடித்த 'தி கலர் ஆஃப் மணி' என்னும் அமெரிக்கத் திரைப்படம் அதற்கு முந்திய ஆண்டுதான் வெளிவந்து, ஜப்பானிய இளைஞரிடையே பூல் ஆட்டத்தின்மீது பெருமோகத்தை மூட்டியிருந்தது. அமெரிக்கக் கைவினைஞர் செய்த கோல்களைத் தேடி வாங்குவோர் பெருகினர். அப்படத்தில் வியந்து போற்றப்படும் கோல், 1975இல் மறைந்த ஜார்ஜ் பலபுஷ்கா என்னும் நியூயார்க் கைவினைஞரின் பெயரால் வழங்குகிறது. படப்பிடிப்பில் பயன்பட்டதோ 'ஜாஸ்' என்னும் வேறொரு நிறுவனத்தின் கோல். பெயர் ஒன்று, பொருள் வேறு! இதைக் கேட்டு நகைத்த நான், அதே பிழையை நானும் செய்யப் போகிறேன் என்பதை அன்று அறியேன்.

என் அலுவலகத்தில் மூத்தவரான ஜப்பானிய நண்பர் ஒருவர் மாலைதோறும் என்னை ஆடுமிடத்துக்கு அழைத்துச் சென்று ஆட்டம் பழக்கினார். 1992இல் அவர் மறைந்தார். சில திங்கள் கழித்து அவருடைய மனைவியார் என்னை வரவழைத்து, இரண்டு பெட்டிகளை என் முன் வைத்தார். "மகனைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும். இவற்றை விற்க எண்ணுகிறேன். நீங்கள் அவரோடு ஆடியவர். மதிப்புச் சொல்லுங்கள்" என்றார்.

ஒன்று அமெரிக்கக் கோல். செய்தவர் பெயர் பொறித்தது; தந்தப் பதிப்பு வேலையுடையது; சான்றுத்தாளும் உடன் இருந்தது. மற்றொன்று ஜப்பானிலேயே செய்யப்பட்டது. கருங்காலிப் பிடி, மேப்பிள் முன்கோல். பெயரும் இல்லை, அணியும் இல்லை. முதலாவதை வானளாவப் புகழ்ந்தேன். "இரண்டாவது விலை போகாது, நினைவுப் பொருளாக இருக்கட்டும்" என்றேன். "அப்படியானால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகிழ்வார்" என்று இரு கைகளாலும் நீட்டினார். பெற்றுக்கொண்டேன்.

நுனித்தோல் தேய்ந்திருந்தமையால், கோல் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் தோலைப் பார்க்கவில்லை, கோலைப் பார்த்தார். மூட்டைக் கழற்றி, இரு பாதிகளையும் தனித்தனியே மேசைமீது உருட்டினார். மரத்துக்கும் மேசைக்கும் இடையே தெரியும் ஒளிக்கீற்று ஏறி இறங்குகிறதா என்று குனிந்து நோக்கினார். மீண்டும் பூட்டி உருட்டினார். "தனித்தனியே நேராக இருந்தால் மரம் நல்லது, சேர்ந்தும் நேராக இருந்தால் செய்தவன் நல்லவன்" என்றார்.

பின்னர் மூட்டின்மீது நகத்தை ஓட்டினார், எங்கும் தடுக்கவில்லை. பிடியில் சுற்றிய நூல் மரத்தோடு சேருமிடத்திலும் மேடு பள்ளம் இல்லை. முன்கோலின் இழைகள் நெருக்கமாகவும், மூட்டிலிருந்து பூண் வரை விலகாமலும் ஓடுவதைக் காட்டினார். ஜப்பானின் மழைக்காலம் ஈரம் மிக்கது, டோக்கியோவின் குளிர்காலமோ வறண்டது. ஆகவே மரத்தை ஆண்டுக்கணக்கில் ஆறவிட்டு, சிறிது சிறிதாகக் கடைந்து, ஒவ்வொரு கடைசலுக்கும் இடையே ஓய்வு கொடுக்க வேண்டும். அவசரப்பட்ட மரம் பின்னர் வளையும். பிடியின்மேல் நான்கு கூர்முனைகள் ஒரே உயரத்தில் நின்றன. அவற்றுக்கான பள்ளம் மயிரிழை ஆழம் மாறினாலும் முனை ஏறியோ இறங்கியோ நிற்குமாம். எளிமை என்று நான் எண்ணியது, பிழையை மறைக்க அணிகலன் ஏதும் தேடாத துணிவு என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"ஆண்டுக்குச் சில கோல்களே, நேரில் கேட்டவர்க்கு மட்டும் செய்தளித்த ஒருவரின் வேலை இது. அவர் பெயர் பொறிப்பதில்லை. அறிந்தவர்கள் பெருவிலை கொடுப்பார்கள்" என்றார் முதியவர். வாள்களிலும் பெயர் பொறிக்காதவை உண்டு. எஃகின் இழையையும், பதமிட்ட விளிம்பின் கோட்டையும், வடிவையும் நோக்கியே ஹொன்னமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இன்னார் செய்தது என்று தீர்ப்பளித்தனர் என்பதையும் சொன்னார். மடித்த தாளில் அவர்கள் எழுதித் தந்த சான்றுக்கு 'ஒரிகாமி' என்று பெயர். நம்பத்தக்க ஒன்றை 'ஒரிகாமி உடையது' என்று கூறுவது இன்றும் அம்மொழி வழக்கு.

அமெரிக்கக் கோலைப் பற்றியும் கேட்டார். "முன்கோல் தேய்க்கப்பட்டு மெலிந்திருக்கிறதா? மெருகு பழையதா, மறுபடி பூசியதா?" எனக்கு விடை தெரியவில்லை. மெருகு புதுப்பித்தால் பார்வைக்கு அழகு கூடும். சேர்ப்போரிடம் விலை குறையும். நான் பெட்டியைப் படித்தேனேயன்றிக் கோலைப் படிக்கவில்லை.

இரண்டு நாள் அந்தக் கோல் என் வீட்டில் இருந்தது. கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தார். பெற்றவன் அறியாமல் பெற்றான். இதில் குற்றம் என்ன என்று மனம் வாதிட்டது. முதல் நாள் என்னிடமிருந்தது அறியாமை. மூன்றாம் நாளும் வைத்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. எடுத்துச் சென்று, நடந்ததைச் சொல்லி, தலை தாழ்ந்து நின்றேன்.

அம்மையார் ஒன்றே கேட்டார்: "இதன் மதிப்பு அவருக்குத் தெரியுமா?"

அப்போதுதான் என் பிழையின் முழு அளவும் எனக்குப் புலப்பட்டது. நண்பர் நாள்தோறும் ஆடியது இந்தக் கோலால்தான். மற்றது பெரும்பாலும் பெட்டியிலேயே உறங்கியது. சான்று என் கண்முன்னேயே இருந்திருக்கிறது. "தெரியும்" என்றேன்.

முதியவரே இரண்டையும் விற்றுக் கொடுத்தார். அமெரிக்கக் கோல் மெருகு புதுப்பிக்கப்பட்டதாகையால் நான் சொன்னதினும் குறைவாகவே போயிற்று. மற்றது நான் கனவிலும் எண்ணாத விலை பெற்றது. அதைப் பெட்டியில் பூட்டி வைப்பவருக்கு அன்றி, ஆடுபவருக்கே கொடுக்க வேண்டும் என்பது அம்மையார் விதித்த ஒரே நிபந்தனை.

நான் நாடு திரும்பிய 1994இல் தக்கேஷி ஒக்குமுரா ஒன்பது பந்து ஆட்டத்தில் உலக வாகையர் ஆனார். 'ஆடம்', 'மெஸ்' முதலிய ஜப்பானியக் கோல்களை இன்று உலகெங்கும் அறிவர். 1989இல் தீர்மானமான பன்னாட்டுத் தந்த வணிகத் தடையால், தந்தம் பதித்த கோல்கள் எளிதில் எல்லை கடவா. கரிய கார்பன் இழையால் முன்கோல்கள் வருகின்றன. அவற்றில் மர இழையைத் தேட இயலாது. ஆயினும் மூட்டின்மீது நகத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனை மாறவில்லை.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார். அக்கோல் ஒரு பக்கம் சாய்வது ஆசையால் மட்டும் அன்று. பெயரில் மயங்கினாலும் சாயும். ஆசையால் சாய்ந்ததை நெஞ்சு உடனே உணர்த்தும். மயக்கத்தால் சாய்ந்ததை உணர்த்த, எனக்கு ஒரு முதியவரின் நகம் வேண்டியிருந்தது.